டச்சுக்காரர்களுக்கு நான் ஒதுக்கிய பத்து நிமிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த வருடங்களில் "ஐரோப்பியர் வருகை" என்ற பாடம் வரும். போர்ச்சுகீசியருக்கு ஒரு பீரியடு, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மூன்று பீரியடு. நடுவில் டச்சுக்காரர்களுக்குப் பத்து நிமிடம். 1602-ல் கம்பெனி தொடங்கினார்கள், மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம், பிறகு ஆங்கிலேயரிடம் தோற்றுப் போனார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புக. முடிந்தது.

ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவங்க நம்ம ஊரு ஆளுங்கள என்ன பண்ணாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அது பரீட்சைக்கு வராதுப்பா, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்டு நான் பார்த்த ஞாபகம் இல்லை. இந்தப் பதிவே அந்தப் பையனுக்காகத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். "வாம்மா, ஆம்ஸ்டர்டாம், லைடன், டெல்ஃப்ட் எல்லாம் வழிகாட்டி வைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள், ரெம்பிராண்ட் ஓவியமெல்லாம் பார்க்கலாம்" என்று இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறான். முழங்கால் வலியோடு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார எனக்குத் தெம்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோ காலில் வந்தாள். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டு, "பாட்டி, இங்க பாருங்க, யாரு இருக்காங்க!" என்று போனைத் திருப்பினாள். நம் நடராஜர்! ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், சோழர் காலத்து வெண்கலம். 1935-ல் அங்குள்ள ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் ஒன்று வாங்கியதாம். நான் திருவெறும்பூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மலைக்கோயில் மணி காதில் விழ, ஆம்ஸ்டர்டாமில் ஆடிக்கொண்டிருப்பவருக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அங்கே போக முடியாவிட்டால் என்ன, அவர்கள் இங்கே வந்து இருந்த ஊர்களைப் பார்க்கலாமே" என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்தோம். ஒரு வேன், மூன்று நாள். வரலாறு எம்.ஏ. படித்த ஒரு தம்பி வழிகாட்டியாக வந்தார். எல்லோரையும் "டீச்சர்", "சார்" என்றே கூப்பிட்டார். ஆனால் மூன்று நாளும் அவர்தான் வாத்தியார், நாங்கள் பிள்ளைகள்.

முதல் நாள் தஞ்சாவூர், திருவாரூர் தாண்டி நேராக நாகப்பட்டினம் போவோம் என்று நினைத்தோம். கீழ்வேளூர்ப் பக்கம் தம்பி வண்டியைத் திருப்பச் சொன்னார். இறங்கினால் வயல், வாய்க்கால், சில வீடுகள். "இதுதான் ஆனைமங்கலம்" என்றார்.

ஆனைமங்கலம் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு பெரிய புத்தப் பள்ளி இருந்தது. கட்டியவர்கள் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர்கள். அந்தப் பள்ளிக்கு முதலாம் ராஜராஜன், தன் 21-ம் ஆட்சியாண்டில், இந்த ஆனைமங்கலத்தின் வருவாயை விட்டுக்கொடுத்தார். 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம், 8,943 கலத்துக்கு மேல் நெல். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். ராஜராஜன் காலத்தில் கொடுத்ததை அவர் மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தார். 21 ஏடுகள். ஐந்து வடமொழியில், பதினாறு தமிழில். வளையத்தில் கோத்துச் சோழ முத்திரை போட்டது. சிவபக்தனான அரசன், வேற்று நாட்டான் கட்டிய புத்தப் பள்ளிக்குத் தன் நெல்லைக் கொடுத்திருக்கிறான். அதே ராஜேந்திரன்தான் பிறகு 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படையும் அனுப்பினார். அரசியல் எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

இந்த 21 ஏடுகளும், குலோத்துங்கன் காலத்து 3 ஏடுகளும் டச்சுக்காரர் காலத்தில் கப்பலேறின. காம்பர் என்ற டச்சுப் பாதிரியார் குடும்பத்தின் வழியாகக் கைமாறி, 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால் உலகம் முழுக்க அவற்றுக்கு "லைடன் செப்பேடுகள்" என்றே பெயர். என் மகன் "லைடன் பார்க்கலாம் வாம்மா" என்று கூப்பிட்டானே, அதே லைடன். அங்கே வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "உங்க ஊர்ப் பேரு போட்ட செப்பேடு வெளிநாட்டுக்குப் போச்சு தெரியுமாம்மா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, "செப்பேட்டுல எங்க ஊருக்குத் தண்ணி வரும்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். வண்டியில் ஏறிய பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாய்க்கால், நீர்ப்பாய்ச்சல் உரிமைகளைப் பற்றியெல்லாம் பேசுகிற பட்டயம்தானே அது.

அடுத்து நாகப்பட்டினம். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதே வருடம்தான் யாழ்ப்பாணமும் தூத்துக்குடியும் அவர்கள் கைக்குப் போயின. தஞ்சை விஜயராகவ நாயக்கர் சுற்றியுள்ள பத்து கிராமங்களோடு ஊரை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். இந்த முறை செம்பு அல்ல, வெள்ளித் தகடு. அதுவும் கப்பலேறி ஜகார்த்தாவுக்குப் போனது. அன்றைக்கு அதன் பெயர் பட்டேவியா, டச்சுக் கம்பெனியின் கிழக்குத் தலைநகரம்.

1690-ல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றினார்கள். பெரிய கோட்டை கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் "ஐம்புலன்" என்று பொருள்படும் டச்சுச் சொல். 1781-ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். இன்று நாகையில் அந்தக் கோட்டையைத் தேடினால் கிடைக்காது. அவர்கள் கட்டிய புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம்.

திருச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகளை அங்கேதான் தம்பி சொன்னார்.

ஒன்று, ஸ்ரீரங்கத்தில் திருமங்கையாழ்வார் மதில் கட்டப் பணம் போதாமல், நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளியிலிருந்து பொன்னாலான புத்தர் சிலையைக் கொண்டுவந்து உருக்கினார் என்று வைணவ மரபுக் கதை ஒன்று உண்டு. ஆழ்வார் காலம் 8-ம் நூற்றாண்டு என்பார்கள். சூடாமணி விகாரம் 11-ம் நூற்றாண்டுக்கு வருவது. ஆகவே கதையில் வருவது அதற்கும் முந்திய ஒரு பள்ளியாகத்தான் இருக்க முடியும். கதை எப்படியோ, நாகையில் பௌத்தம் எவ்வளவு பழையது என்பதை அது சொல்லிவிடுகிறது.

இரண்டு, அந்தப் புத்தப் பள்ளியின் கோபுரம் ஒன்று டச்சுக்காரர் காலம் முழுக்க நாகையில் நின்றது. "சீனக் கோயில்" என்று அதைச் சொன்னார்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். டச்சுக்காரர்கள் அதை இடிக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1867-ல்தான் அது இடிக்கப்பட்டது. அரசின் அனுமதி வாங்கி இடித்தவர்கள் அங்கே கல்லூரி நடத்திய இயேசு சபையினர். அந்தக் கல்லூரி 1883-ல் இடம் மாறியது. எங்கே? நம் திருச்சிக்கு! தெப்பக்குளம் பக்கத்தில் நிற்கும் செயின்ட் ஜோசப் கல்லூரிதான் அது. 1844-ல் நாகையில் தொடங்கியது. எத்தனை முறை அந்த வாசல் வழியாகச் சின்னக்கடைத் தெருவுக்கு ஜவுளி வாங்கப் போயிருப்பேன்! யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கல்லூரி எத்தனை ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகள் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இனி, அந்தப் பையன் கேட்ட கேள்வி.

அன்று மாலை நாகைக் கடற்கரையில் மணலில் உட்கார்ந்திருந்தோம். "தம்பி, இவர்கள் துணியும் மிளகும்தானே வாங்கினார்கள்?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆளையும் வாங்கினார்கள் டீச்சர்" என்றார்.

1659-ல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமைக்குள் புகுந்தன. வயல்கள் பாழாயின. பஞ்சம் வந்தது. சோறு இல்லாத குடும்பங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றன. 1659 முதல் 1661 வரை, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் டச்சுக் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானோர் இலங்கைக்குப் போனார்கள், மற்றவர்கள் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும். அது ஒரு பஞ்சத்தின் கணக்கு மட்டும். அதற்கு முன்னும் பின்னும் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் அடிமைக் கப்பல்கள் நிறைந்தன.

நண்பர்களே, பத்தாயிரம் பேர் என்றால் எவ்வளவு? நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடத்துக்கு முந்நூறு பிள்ளைகள். 34 வருடத்தில் என் கண்முன்னால் வந்து போன பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கை வராது. காவிரித் தண்ணீர் பாய்கிற, சோறுடைத்த நாடு என்று நாம் பெருமையாகச் சொல்கிற மண்ணிலிருந்து போனவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எந்தத் தகட்டிலும் இல்லை. நான் அதைப் பரீட்சைக்கு வராது என்று சொன்னேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை வழியில் தரங்கம்பாடியில் இறங்கினோம். ஒரு விஷயம் எல்லாப் பிள்ளைகளும் தப்பாக எழுதுவார்கள். தரங்கம்பாடி டச்சுக்காரர் ஊர் அல்ல. டென்மார்க் நாட்டு டேனியர் ஊர். டேனிஷ் கோட்டை 1620. சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும் அங்கேதான். டச்சு வேறு, டேனிஷ் வேறு. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே போல இன்னொன்று. டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகள் வி, ஓ, சி. நம் கப்பலோட்டிய தமிழரின் பெயரையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சுருக்குகிறோம். கம்பெனி வி.ஓ.சி. இருந்த அதே தூத்துக்குடியில்தான் நம் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். எங்கள் தமிழாசிரியர் ஐயா வண்டியிலேயே எழுந்து நின்று கைதட்டினார்.

மாலை சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பக்கம். கடலை ஒட்டிச் செங்கல் கோட்டை. உள்ளே தானியக் கிடங்குகள், கல்லறைகள். கல்லறைக் கற்களில் எழுத்தும் சித்திரமும் அவ்வளவு நேர்த்தி. எங்கள் ஓவிய ஆசிரியர் சார் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் குந்திக்கொண்டார், எழுப்பவே முடியவில்லை. 1818-ல் ஆங்கிலேயர் இதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1824 ஒப்பந்தப்படி, 1825-ல் டச்சுக்காரர்கள் இதையும் தூத்துக்குடியையும் பழவேற்காட்டையும் ஒட்டுமொத்தமாக ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் நெய்த மெல்லிய துணிக்கு அப்போது பெரிய கிராக்கி. இந்தத் துணிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தம்பி கரும்பலகை இல்லாமலே விளக்கினார். டச்சுக்காரருக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைவது இந்தோனேசியத் தீவுகளில். அந்தத் தீவு மக்கள் வெள்ளியை விட நம் துணியையே விரும்பி வாங்கினார்கள். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, மசாலாப் பொருள் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போனார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் "காயின் பெலிகாட்" என்று பெயர். பெலிகாட் என்றால் நம் பழவேற்காடுதான்!

பிறகு ஐரோப்பாவிலும் நம் பூப்போட்ட துணிக்குப் பைத்தியம் பிடித்தது. நாம் சீட்டித் துணி என்கிறோமே, அதை டச்சுக்காரர்கள் "சிட்ஸ்" என்றார்கள். துணியைப் பாலிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்து, படிகாரத்தால் வரைந்து, சாயவேரில் காய்ச்சினால் சிவப்பு. மற்ற இடத்தை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கினால் நீலம். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அப்படி ஒரு சாயம் அன்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. டச்சு ஓவியம் என்றால் ரெம்பிராண்ட், வெர்மீர் என்று பெயர் சொல்லிப் படிக்கிறோம். படிக்க வேண்டியதுதான். ரெம்பிராண்டே இந்தியாவுக்கு வராமல், முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட படங்கள் வரைந்திருக்கிறார். ஆனால் நெதர்லாந்து அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் சோழமண்டலச் சீட்டித் துணிகளை வரைந்த கைகளுக்குப் பெயர் இல்லை. அவர்களும் ஓவியர்கள்தானே?

மூன்றாம் நாள் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1610-ல் வந்து, 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். கோட்டை இருந்த இடம் இப்போது புதர் மண்டிய மேடு. எதிரே கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. எங்களோடு வந்த கணக்கு டீச்சர் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய ஆளானாலும் கடைசியில் இதுதான்" என்று சொல்லத்தான் அப்படி வைத்தார்களாம்.

இந்த ஊரில்தான் 1632 முதல் பத்து வருடம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு, நம் சமயம், பழக்கவழக்கம் எல்லாம் எழுதினார். பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களையும் அதில் சேர்த்தார். 1651-ல் அது லைடனில் அச்சானது. சம்ஸ்கிருதப் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்தப் புத்தகத்தில்தான் முதலில். அதே ஊர், அதே காலம். ஒரு பக்கம் நம் நூலை ஆசையாகக் கேட்டு எழுதியவர். இன்னொரு பக்கம் நம் ஆளை விலை பேசிக் கப்பலேற்றியவர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாடமாகாது.

இன்னும் சில மிச்சங்கள் நம் வாயிலேயே இருக்கின்றன. "துட்டு" டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். "கக்கூஸ்" கூட டச்சுச் சொல்தானாம். யாழ்ப்பாணத் தமிழர் அலுவலகத்தைக் "கந்தோர்" என்பார்கள், அதுவும் டச்சு. யாழ்ப்பாணத்தின் தேசவழமையை 1707-ல் எழுத்தில் தொகுத்ததும் டச்சு ஆட்சிதான். சொத்து வழக்குகளில் அது இன்றும் அங்கே சட்டம்.

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இவ்வளவு இருக்காம்மா!" என்றான். பேத்தி மட்டும், "பாட்டி, கப்பல்ல போனவங்க திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டாள். எட்டு வயது. இந்த முறை நான் "உட்காரு" என்று சொல்லவில்லை. "வரலைடா கண்ணு" என்று சொல்லி, எனக்குத் தெரிந்த மட்டும் உட்கார்ந்து விளக்கினேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பீரியடு.

இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல், வண்டலூர் மட்டும் வேண்டாம். திருச்சியிலிருந்து நாகைக்குப் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம். போகும் வழியில் ஆனைமங்கலத்தில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த வயலில் பிள்ளைகளை நிறுத்தி, இந்த ஊரின் பட்டயம் எங்கே போனது என்று சொல்லுங்கள். பிறகு நாகைக் கடற்கரையில், யார் யார் இங்கிருந்து போனார்கள் என்று சொல்லுங்கள். எந்தப் பிள்ளையாவது எழுந்து கேள்வி கேட்டால், பரீட்சைக்கு வருமா என்று பார்க்காதீர்கள்.

அந்தப் பையன் இன்றைக்கு நாற்பதைத் தாண்டியிருப்பான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இதை யாராவது அவனிடம் கொண்டு சேர்த்தால், டீச்சர் பதில் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். தாமதமானதற்கு மன்னிக்கச் சொன்னார்கள் என்றும் சொல்லுங்கள்.


திருவெறும்பூர்